கண்ணாடியை இறக்காதீங்க

பாளையங்கோட்டை
10 ஜூன் 2024

அண்ணனுக்கு,

கடிதத்தை 'கர்த்தருக்குள் அன்பான' என்று ஆரம்பிக்க வேண்டும் என்றுதான் அம்மா நமக்குச் சொல்லிக் கொடுத்தாள். இன்று அந்த வார்த்தைகள் வரவில்லை. வராததை எழுதி என்ன ஆகப்போகிறது.

உன் நம்பரை என் போனில் தடுத்து வைத்திருக்கிறேன், உனக்கே தெரிந்திருக்கும். பேசினால் நீ கத்துவாய், நான் அழுவேன், இரண்டு பேருமே எதையும் கேட்கமாட்டோம். ஆஸ்பத்திரி வராந்தாவில் அதுதானே நடந்தது. அதனால் எழுது. எழுத்தில் என்றால் ஒரு ஆள் சொல்லி முடிக்கும்வரை மற்ற ஆள் வாயை மூடிக்கொண்டுதான் இருக்க வேண்டும்.

சாராவின் கல்யாணம் முடிந்துவிட்டது. பத்திரிகை வைத்த பிறகு தள்ளிப் போட முடியாது என்று இவர் சொல்லிவிட்டார். தாத்தா இல்லை, தாய்மாமன் இல்லை. அம்மா அவளுக்கென்று வைத்துவிட்டுப் போன நகைகளும் இல்லை. என் நாத்தனாரின் நகைகளை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு கோயிலில் நின்றாள். பாதிரியார் கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்லிவிட்டு, வெளியே வந்ததும் என் காதில், "தாத்தா முழிச்சுட்டாங்களாம்மா?" என்று கேட்டாள்.

அந்த நகைப் பையை நீ அனுப்ப வேண்டாம். யார் கையிலும் கொடுத்துவிட வேண்டாம். என் வீட்டுப் படியை அது ஏறக்கூடாது.

எத்தனை யோசித்தாலும் எனக்குப் புரியாதது ஒன்றுதான். எழுபத்தெட்டு வயது மனிதரை மே மாத வெயிலில் காருக்குள் உட்கார வைத்து, கண்ணாடியை ஏற்றி, வெளியே நின்று பூட்டு பட்டனை அழுத்திவிட்டு நடந்துபோக உனக்கு எப்படி மனம் வந்தது? சாமான் திருடு போகக்கூடாது என்பதற்காக அப்பாவைப் பூட்டாக மாட்டிவிட்டுப் போயிருக்கிறாய். உள்ளே என்ன இருக்கிறது என்று வெளியே தெரியக்கூடாதென்று கண்ணாடியெல்லாம் கருப்பு வலை வேறு ஒட்டினாயே. கடைசியில் யார் கண்ணுக்கும் தெரியாமல் போனது அப்பாதான்.

ஹப்சிகுடாவில் எவனோ கண்ணாடியைத் தட்டிப் பேச்சுக் கொடுத்து, அப்பா கதவைத் திறந்ததும் வண்டியிலிருந்த உன் லேப்டாப் பையைத் தூக்கிக்கொண்டு போனபோது நீ அவரைக் கேட்ட கேள்வியும் எனக்குத் தெரியும். "ஒரு பையப் பாத்துக்க முடியலையாப்பா?" என்று ஓட்டல் வாசலில் ஆட்கள் முன்னால் கேட்டாயாம். மதினி சொன்னார்கள். பாலாநகர் ஃபாக்டரி ஸ்டோர்ஸில் முப்பது வருஷம் கீப்பராக இருந்து ஒரு திருகாணிகூடத் தொலைக்காத மனிதரிடம் கேட்கிற கேள்வியா அது? அதற்குப் பிறகு அவர் எப்படிக் கதவைத் திறப்பார்?

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அப்பாவை இங்கே அனுப்பிவிடு. நான் பார்த்துக்கொள்கிறேன்.

அபிகாயில்


மேட்டுகுடா, செகந்திராபாத்
19 ஜூன் 2024

அன்புள்ள அபி,

உன் கடிதத்தை எமியிடம் காட்டவில்லை. மதினி சொன்னார்கள் என்று அதில் இருக்கிறது, வருத்தப்படுவாள்.

சாராவுக்கு என் ஆசீர்வாதத்தைச் சொல். சொல்ல மனமில்லை என்றால் விட்டுவிடு.

அப்பாவை வீட்டுக்கு அழைத்து வந்தாகிவிட்டது. சூடு மூளையைத் தாக்கியிருக்கிறது, எவ்வளவு திரும்பி வரும் என்று இப்போதே சொல்ல முடியாது என்கிறார் டாக்டர். நடக்கிறார். கையைப் பிடித்துக்கொண்டால் பாத்ரூம் போகிறார். பேச்சும் இருக்கிறது. ஆனால் அவர் இன்னும் காருக்குள்தான் இருக்கிறார், அபி. இதை வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்த அன்று நாள் முழுக்கக் காலடியில் எதையோ துழாவிக்கொண்டே இருந்தார். ஊசி போட்டும் அடங்கவில்லை. எமிதான் புரிந்துகொண்டு அந்தப் பையை எடுத்துவந்து காலுக்கு அடியில் வைத்தாள். உடனே அடங்கிவிட்டார். அன்றிலிருந்து ஹாலில் ஜன்னல் பக்கத்துப் பிரம்பு நாற்காலிதான் அவருக்கு எல்லாம். இரண்டு பாதத்துக்கும் நடுவே பை. அவ்வப்போது வாரைப் பிடித்து லேசாகத் தூக்கிக் கனம் பார்க்கிறார். கனம் சரியாக இருந்தால் விட்டுவிடுகிறார். நகைகளை எத்தனை நாள் அப்படித் தரையில் வைத்திருப்பது? அவற்றை லாக்கரிலேயே திரும்ப வைத்துவிட்டேன். கனத்துக்கு உப்புப் பாக்கெட் இரண்டை உள்ளே போட்டு ஜிப்பை மூடியிருக்கிறோம். அப்பா இப்போது காவல் காப்பது உப்பை.

வாசலில் யாராவது தட்டினால் உடம்பெல்லாம் விறைத்துவிடுகிறது. பால்காரர் தட்டினாலும் அப்படித்தான். கண்ணை மூடிக்கொண்டு ஆள்காட்டி விரலை இப்படியும் அப்படியும் ஆட்டி, "நக்கோ, நக்கோ" என்கிறார். இந்த ஊர் ஆட்களிடம் வேண்டாம் என்பதை அவர் எப்போதும் அப்படித்தானே சொல்வார். அபி, என்னிடமும் நக்கோ என்கிறார். மாத்திரையை நீட்டினால், "என் பையன் உள்ள போயிருக்கான். அவன் வரட்டும்" என்கிறார். நான்தான்பா எட்மண்ட் என்றேன். "எல்லாவனும் அப்படித்தான் சொல்லுவான்" என்றார். இந்த மாதிரி வந்து பேசுகிறவர்களிடம் ஏமாறக் கூடாது என்று அவருக்குப் பாடம் எடுத்தவன் நான்தான்.

அன்றைக்கு நடந்ததை நீ கேட்கவில்லை, இருந்தாலும் எழுதுகிறேன். பேங்கில் லாக்கரைத் திறந்து நகைகளை எடுத்துக்கொண்டு, சாராவுக்குத் தாய்மாமன் புடவை எடுக்க ஜெனரல் பஜாருக்குப் போனோம். கடை மாடியில் இருக்கிறது. அப்பாவையும் மேலே கூப்பிட்டேன். "நான் வண்டியிலயே இருக்கேன்லே. பை இருக்குல்லா" என்றார். அதை அவர் சொன்ன விதத்தை நீ பார்த்திருக்க வேண்டும். ஹப்சிகுடாவுக்குப் பிறகு அன்றுதான் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். நான் கண்ணாடியை இரண்டு விரல் அளவு இறக்கிவைத்தேன். அவர்தான், "ஏத்திட்டுப் போ. கம்பிய விட்டுத் தொறப்பானுவ" என்றார். ஏற்றினேன். பூட்டினேன். உள்ளேயிருந்து கதவைத் திறந்தால் அலாரம் கத்தும், பயந்துவிடாதீங்க, கண்ணாடியைத் தட்டி யார் எது சொன்னாலும் திறக்காதீங்க என்று சொல்லிவிட்டுப் போனேன். பத்து நிமிஷத்தில் வருகிறேன் என்றும் சொன்னேன். தண்ணீர் பாட்டில் டிக்கியில் இருந்தது.

அங்கே அனுப்பு என்கிறாய். நாற்காலியை விட்டு எழுப்பவே முடியவில்லை. எப்படி அனுப்புவேன்?

எட்மண்ட்


பாளையங்கோட்டை
28 ஜூன் 2024

அண்ணா,

அவரை எழுப்ப முடியவில்லையா, அனுப்ப உனக்கு மனமில்லையா? எனக்குச் சந்தேகமாகவே இருக்கிறது. இவ்வளவு நடந்த பிறகும் அப்பா உன் வீட்டில் இருக்கிறார் என்று நாலு பேரிடம் சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது, அப்படித்தானே?

புது வண்டி வந்ததிலிருந்து நீ ஒரு மாதிரியாகத்தான் ஆகிவிட்டாய். ஸ்டியரிங்குக்கு ஒரு பூட்டு, கியருக்கு ஒரு பூட்டு, கண்ணாடிக்கு வலை, மேலே ஒரு கேமரா. போன கிறிஸ்மஸுக்கு வந்தபோது டீ குடிக்க இறங்கினால்கூட, "யாராவது ஒருத்தர் வண்டியில இருங்க" என்பாய். அந்த ஒருத்தர் எப்போதும் அப்பாதான். நாமெல்லாம் டீ குடித்தோம். அவருக்குக் கப்பில் கொண்டுபோய் ஜன்னல் வழியாகக் கொடுத்தோம். எனக்கும் அது அன்று தப்பாகத் தெரியவில்லை.

மதினி இன்னொன்றும் சொன்னார்கள். கண்ணாடியை உடைத்து அப்பாவை வெளியே எடுத்த பெண்ணின் கையைப் பிடித்து முறுக்கினாயாமே. உண்மையா?

உனக்கு நினைவிருக்கிறதா, தெரியவில்லை. ஒரு மழைக்காலத்தில் ஊரே தண்ணீரில் நின்றபோது அப்பா இரண்டு நாள் வீட்டுக்கு வரவில்லை. அடுத்த ஷிப்ட் ஆள் வந்து சேரவில்லை, அதனால் ஸ்டோர்ஸை விட்டு நகரவில்லை. அம்மா உன்னிடம் டிபன் கேரியரைக் கொடுத்து அனுப்பினாள். நீ திரும்பி வந்து சொன்னாய்: கம்பிக் கதவைத் திறக்கவே இல்லை, கவுண்டர் ஓட்டை வழியாகத்தான் கேரியரை வாங்கிக்கொண்டார் என்று. பெற்ற பிள்ளைக்கே திறக்காத மனிதர். அடுத்த ஆள் வந்து, இரண்டு பேரும் சேர்ந்து எல்லாவற்றையும் திறந்து எண்ணிப் பார்த்து, "சார்ஜ் எடுத்துக்கிட்டேன்" என்று அவன் வாயால் சொன்ன பிறகுதான் அவர் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்புவார். எத்தனை தடவை நம்மிடம் சொல்லியிருக்கிறார்.

நீ அவரைச் சார்ஜில் விட்டுவிட்டுப் போயிருக்கிறாய். போய் எடுத்துக்கொள். அவ்வளவுதான் நான் சொல்வேன்.

அபிகாயில்


செகந்திராபாத்
9 ஜூலை 2024

அபி,

நீ சொன்னதைச் செய்து பார்த்தேன். குளித்து, ஆபீஸ் சட்டை போட்டு, அவர் முன்னால் போய் நின்று, "சார், சார்ஜ் எடுத்துக்க வந்திருக்கேன்" என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தார். மரியாதையாகத்தான் பேசினார். "நீங்க யாருன்னு தெரியலியே. எட்மண்ட் வரணும். அவன்தான் சொல்லிட்டுப் போனான்." பக்கத்தில் நின்ற எமி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள்.

ஆமாம், அந்தப் பெண்ணின் கையை முறுக்கினேன். அதையும் கேட்டுக்கொள். மாடியில் புடவை பார்த்துக்கொண்டிருந்தபோது அலாரம் கேட்டது. என் வண்டியின் அலாரம் எனக்குத் தெரியும். திருடன் என்றுதான் படியில் உருண்டு ஓடிவந்தேன். வண்டியைச் சுற்றிக் கூட்டம். கண்ணாடி உடைந்து கிடந்தது. ஒரு பெண் பாதி உடம்பை ஜன்னலுக்குள் விட்டிருந்தாள். திருடியென்று நினைத்து அவள் கையைப் பிடித்து இழுத்து, சோர், சோர் என்று கத்தினேன். பிறகு உள்ளே எட்டிப் பார்த்தேன். பை இருக்கிறதா என்று பார்த்தேன், அபி. இருந்தது. அதற்குப் பிறகுதான் அப்பாவைப் பார்த்தேன்.

அந்தப் பெண் பெயர் ஸ்ரேயா. ஹாஸ்டலில் தங்கிக் காலேஜில் படிக்கிறாள். ஆஸ்பத்திரியில் விசாரித்துப் போன ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கே வந்துவிட்டாள். நான் மன்னிப்புக் கேட்கும் முன்னால் அவள் கேட்டாள். அன்று முதல் தடவை அவள் அந்தப் பக்கம் வந்தபோதே வலைக்குப் பின்னால் அப்பா வேர்வையில் நனைந்துபோய் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துத் தட்டியிருக்கிறாள். அப்பா சிரித்துக்கொண்டே விரலை ஆட்டி, நக்கோ பேட்டீ, வேண்டாம் மகளே, என்றாராம். ஏதோ விற்க வந்தவள் என்று நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது என்று அவளும் போய்விட்டாள். திரும்பி வரும்போது தலை சரிந்திருந்தது. பக்கத்து வளையல் கடையில் ஷட்டர் இழுக்கும் இரும்புக் கம்பியை வாங்கி உடைத்திருக்கிறாள். "முதல்லயே உடைச்சிருக்கணும் அங்கிள்" என்று தெலுங்கில் சொல்லிச் சொல்லி அழுதாள். அப்பா அவளைப் பார்த்தார். அதே சிரிப்பு, அதே விரல். நக்கோ பேட்டீ.

இனி எழுதப் போவதை எழுதக் கூடாது என்றுதான் இரண்டு மாதமாக இருந்தேன். நீ என்னை விடவில்லை.

பத்து நிமிஷம் என்று சொல்லிவிட்டுப் போன நான் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஏன் மாடியில் இருந்தேன்? உன் போனை எடுத்துப் பார். முதலில் காட்டிய மாம்பழ மஞ்சளே எனக்குப் பிடித்திருந்தது. பில் போடச் சொன்னேன். உனக்கு ஒரு படம் அனுப்பினேன். மஞ்சள் சாராவுக்கு எடுக்காது, வேறு காட்டு என்றாய். மயில்கழுத்துப் பச்சை அனுப்பினேன். மாப்பிள்ளை வீட்டார் முகம் சுளிப்பார்கள் என்றாய். கரை சின்னது என்றாய். பெரிது என்றாய். முந்தானையை விரித்துக் காட்டச் சொன்னாய். அப்பா வண்டியில் இருக்கிறார் என்று நான் எழுதினேன். "இருக்கட்டும், பைக்குக் காவல் வேணும்ல" என்று நீ எழுதினாய். அதற்கு ஒரு சிரிப்புப் படம் வேறு போட்டிருந்தாய்.

பூட்டினது நான். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பூட்டாக மாட்டிவிட்டேன் என்று என்னைக் கேட்கிறாயே.

எட்மண்ட்


செகந்திராபாத்
22 ஜூலை 2024

அபி,

பதில் வரவில்லை. வராது என்று எமி சொல்கிறாள். போன கடிதத்தின் கடைசிப் பாதியைக் கிழித்துப் போட்டுவிடு. முடிந்தால் படிக்காததாக வைத்துக்கொள். எனக்கு வேறு யாரிடமும் கோபப்பட வழியில்லாமல் போய்விட்டது.

அப்பாவுக்குச் சாப்பாடு குறைந்துகொண்டே வருகிறது. தண்ணீர்கூட எமி கெஞ்சினால் ஒரு வாய்தான். டியூட்டியில் இருக்கும்போது அதிகம் குடித்தால் எழுந்து போக வேண்டி வரும் என்கிறார். நாற்காலியிலேயே தூங்குகிறார். கால் வீங்கியிருக்கிறது. இப்படியே உட்கார்ந்திருந்தால் அதிக நாள் தாங்காது என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

எட்மண்ட்


பாளையங்கோட்டை
3 ஆகஸ்ட் 2024

அண்ணா,

கிழிக்கவில்லை. நீ எழுதியதில் எனக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை. அந்தப் புடவைப் படங்கள் எல்லாம் என் போனில் இருக்கின்றன. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய ரயிலில் அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். கடைசிப் படத்தின் ஓரத்தில் உன் கட்டைவிரல் தெரிகிறது. உனக்கு அலுத்துப்போயிருந்தது என்று அந்த விரலைப் பார்த்தாலே தெரிகிறது. அப்போதும் நான் வேறு காட்டு என்றுதான் எழுதினேன். உன் நம்பரைத் தடுத்தது உன்மேல் இருந்த கோபத்தில் என்று நினைத்தாயா? அந்தப் பேச்சைத் திரும்பத் திறந்து பார்க்காமல் இருக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை. அப்படியும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

சரி. நம் சண்டையை அப்புறம் வைத்துக்கொள்வோம், நமக்கு ஆயுசு இருக்கிறது. அப்பாவுக்கு இல்லை.

ஒரு வாரமாக இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். நீ அவர் முன்னால் போய் நான்தான் எட்மண்ட் என்று சொன்னால் அவர் எப்படி நம்புவார்? அவர் வண்டிக்குள் இருக்கிறார் என்று நீதானே எழுதினாய். வண்டிக்குள் இருக்கிறவருக்கு மகன் வெளியிலிருந்துதான் வர வேண்டும். பூட்டு திறக்கிற அந்தச் சத்தம் கேட்க வேண்டும். உன் முகம் மறந்திருந்தாலும் அந்தச் சத்தம் மறந்திருக்காது. அவர் அதற்காகத்தானே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

அவரை வண்டியில் ஏற்று. அதே இடத்துக்குக் கூட்டிப் போ. இப்போது வெயில் இல்லை, காலையில் கடை திறப்பதற்கு முன்னால் போ, மதினியை வண்டிப் பக்கத்திலேயே நிற்க வை. நீ இறங்கிப் போய்விட்டுத் திரும்பி வா. அன்றைக்கு வந்திருக்க வேண்டிய மாதிரி வா.

இது நடக்கும் என்று சொல்ல நான் யார். வேறு எதுவும் தோன்றவில்லை.

அபி


செகந்திராபாத்
21 ஆகஸ்ட் 2024

அபி,

செய்தேன். நடந்ததை நடந்த மாதிரியே எழுதுகிறேன். நீ உட்கார்ந்துகொண்டு படி.

வண்டிக்குப் போகலாம் என்றதும் அப்பா மறுக்கவே இல்லை. எமி பையைத் தூக்கி முன்னால் நடந்தாள், பையின் பின்னாலேயே எழுந்து வந்துவிட்டார். இத்தனை நாள் இது எங்களுக்குத் தோன்றவில்லை. ஞாயிற்றுக்கிழமை, தூறல், ஜெனரல் பஜாரில் எல்லா ஷட்டரும் மூடியிருந்தன. கருப்பு வலைகளை முன்பே பிய்த்து எறிந்துவிட்டேன். அதே வளையல் கடை முன்னால் நிறுத்தினேன். எமி கடைப் படியில் நின்றுகொண்டாள். கண்ணாடியை ஏற்றச் சொல்லி அப்பாவே கை காட்டினார். ஏற்றிவிட்டுப் பூட்டினேன்.

மாடிப்படி முனை வரைக்கும் போய்த் திரும்பினேன். கையில் ஒரு புடவைக் கடைப் பை வைத்திருந்தேன். நேராக அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே வந்து, பட்டனை அழுத்தினேன். பீப் பீப் என்றது. அப்பா திரும்பினார்.

அவருக்கு என்னைத் தெரிந்துவிட்டது. அபி, மூன்று மாதத்துக்குப் பிறகு அவருக்கு என்னைத் தெரிந்தது. நான் கதவைத் திறந்ததும், "வந்துட்டியாலே" என்றார். பிறகு, "ஏம்ல இவ்வளவு நேரம்?" என்றார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. கூட்டம்பா என்று ஏதோ முனகினேன். அவர் நீளமாக ஒரு மூச்சு விட்டார். பையைக் காலால் என் பக்கம் தள்ளினார். நான் எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, "சார்ஜ் எடுத்துக்கிட்டேன்பா" என்றேன். அந்த நொடியில் நான் கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொன்னேன். உனக்கும் மனதுக்குள் சொன்னேன்.

அப்பா, "எண்ணிப் பாத்தியா?" என்றார்.

எல்லாம் சரியாக இருக்கிறது என்றேன். "பாக்காம என்னலே சரியா இருக்குங்குற. தொற" என்றார். இரண்டு பேரும் சேர்ந்து திறந்து எண்ணுவார்கள் என்று நீ எழுதியிருந்தாய். நான் படித்திருந்தேன். ஒரு தடவைகூட எனக்கு அது தோன்றவில்லை. எமிக்கும் தோன்றவில்லை. இத்தனை நாளும் அவர் கனம்தான் பார்த்தார், ஜிப்பைத் தொட்டதே இல்லை. வீட்டுக்குப் போய்ப் பார்க்கலாம்பா என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே என் தோளில் இருந்த பையை இழுத்து அவரே ஜிப்பைத் திறந்துவிட்டார்.

உப்புப் பாக்கெட்டை எடுத்தார். திருப்பிப் பார்த்தார். இன்னொன்றையும் எடுத்து மடியில் வைத்தார். பைக்குள் கையை விட்டு மூலை மூலையாகத் தடவினார். பிறகு என்னைப் பார்த்தார். ஹப்சிகுடாவில் நான் அந்தக் கேள்வியைக் கேட்டபோது பார்த்தாரே, அதே முகம்.

"நான் கதவத் தொறக்கவே இல்லலே" என்றார்.

நானும் எமியும் மாறி மாறிச் சொன்னோம். நகை பேங்கில் இருக்கிறது, ஒன்றும் போகவில்லை, நாங்கள்தான் மாற்றி வைத்தோம். கேட்டதாகவே தெரியவில்லை. திங்கட்கிழமை லாக்கரிலிருந்து நகைகளை எடுத்துவந்து அவர் மடியில் ஒவ்வொன்றாக வைத்தேன். அம்மாவின் இரட்டைவடச் சங்கிலியைக்கூட அவர் கையால் தொடவில்லை. "புதுசா வாங்கி வச்சு என்னயத் தேத்தாதலே" என்றார்.

இப்போது நாற்காலியில் உட்காருவதில்லை. கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார். பையைத் தேடுவதில்லை. யார் தட்டினாலும் பயப்படுவதில்லை. என்னை மட்டும் நன்றாகத் தெரிகிறது. அறைக்குள் நான் போனால் போதும், என் பக்கம் திரும்பி, நான் தொறக்கவே இல்லலே என்கிறார். வேறு பேச்சு இல்லை. நான் யார் என்று தெரியாமலே இருந்திருக்கலாம், அபி.

அறை வாசலில் நின்று எமியிடம் அவரைப் பற்றிக் கேட்டுக்கொண்டு போய்விடுகிறேன். உள்ளே போவதை விட்டுவிட்டேன்.

அண்ணன்


பாளையங்கோட்டை
27 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் நம்பரைத் திறந்துவிட்டேன். ஆனாலும் இதை எழுதியே அனுப்புகிறேன். பேசினால் அழுதுவிடுவேன்.

யோசனை சொன்னது நான். திறந்து எண்ணுவார்கள் என்று எழுதியதும் நான்தான். வண்டியில் ஏற்று என்று எழுதும்போது பைக்குள் உப்பு இருக்கிறது என்பது எனக்கும் நினைவில் வரவில்லை. நீ மறந்தாய் என்று உன்னைச் சொல்ல இனிமேல் எனக்கு வாய் இல்லை. அன்றைக்குப் போலவே இதையும் நாம் இரண்டு பேரும் சேர்ந்துதான் செய்திருக்கிறோம்.

செப்டம்பர் ஐந்தாம் தேதி அங்கே வந்து சேருகிறேன். அப்பாவை அழைத்துப் போக வரவில்லை, அவர் எங்கேயும் வர வேண்டாம். நகைகளுக்காகவும் வரவில்லை. சாரா, "நான் போட்டுக்கிட்டு வந்து தாத்தாகிட்ட காட்டட்டுமாம்மா?" என்று கேட்கிறாள். அதையும் அவர் புதிது என்றுதான் சொல்வார் என்று தெரியும். இருந்தாலும் பிறகு ஒரு நாள் மாப்பிள்ளையோடு வரச் சொல்லியிருக்கிறேன். நான் வந்தால் ஏதாவது சரியாகிவிடும் என்று நம்பி வருகிறேன் என்று நினைக்காதே. நம்பிக்கையெல்லாம் இல்லை. அவர் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கும்போது நான் இங்கே உட்கார்ந்து உனக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்க முடியாது, அவ்வளவுதான்.

நீ அறைக்குள் போ, அண்ணா. அவர் அதையே சொன்னாலும் போய் உட்கார். ஆமாப்பா, நீங்க தொறக்கல என்று ஒவ்வொரு தடவையும் சொல். உங்க மேல தப்பில்லப்பா என்று ஹப்சிகுடாவில் சொல்லியிருக்க வேண்டியதை இப்போது நூறு தடவை சொன்னாலும் போதாதுதான். சொல்.

ஸ்டேஷனுக்கு வண்டியைக் கொண்டு வராதே. நான் ஆட்டோவில் வந்துவிடுவேன்.

வாசலுக்கு வந்து தட்டமாட்டேன். வெளியே நின்று, அப்பா, அபி வந்திருக்கேன் என்று மட்டும் சொல்வேன். மதினியிடம் திறக்க வேண்டாம் என்று சொல்லி வை. நீயும் திறக்காதே. அவர் திறந்தால் அதில் தப்பு ஒன்றும் இல்லை என்று அவருக்கு ஒரு தடவையாவது தெரிய வேண்டும். என் குரல் அடையாளம் தெரிந்து எழுந்து வருகிறாரா, பார்ப்போம். வராவிட்டாலும் அவரை எழுப்பாதே. நான் படியில் உட்கார்ந்துகொள்கிறேன். எத்தனை நேரமானாலும் இருப்பேன். குடிக்கத் தண்ணீர் கையோடு கொண்டுவருகிறேன்.

அபி